தூதும் பதிலியும்



இணையத்தளத்தின் முன்னே நின்று வேண்டுகோளைப் பெறுவது இணைய வழங்கி. பக்கத்தை ஆக்கித் தருவது அதன் பின்னே உள்ள செயலி வழங்கி. வேண்டுகோளைப் பின்னே கொண்டு சேர்த்து, விடையை வாங்கி வந்து தருகையில் முன்னது 'பதிலி' எனப் பெயர் பெறுகிறது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா இவ்வாறே இயங்குகிறது. அதன் பக்கங்களை ஆக்கும் வழங்கிகள் அமெரிக்காவின் வர்ஜீனியா, டெக்சஸ் மாநிலங்களில் உள்ளன. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில், 2018 முதல் இயங்கும் நிலையத்தில் இருப்பவை பதிலிகளே. கேட்ட பக்கத்தின் படி தம்மிடம் இருந்தால் உடனே தரும். இல்லையேல் அமெரிக்கா வரை தூது செல்லும்.

தூது நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் அதற்குரியது. உரையாசிரியர் பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இரு வகைப்படுத்துவார். பதிலிக்கும் இவ்விரு வகை பொருந்தும்.

எஞ்சின்எக்ஸ் என்னும் இணைய வழங்கியைக் கொள்வோம். அதன் அமைவுக் கோப்பில் 'புராக்சி பாஸ்' என்னும் கட்டளை செயலி வழங்கியின் இருப்பிடத்தைக் குறிக்கும். வழங்கியின் பெயரும் போர்ட் எண்ணும் மட்டும் எழுதி நிறுத்தினால், பயனர் அனுப்பிய பாதை அனுப்பிய வடிவிலேயே செல்லும். இது கூறியது கூறல். இறுதியில் ஒரு சாய்கோடு சேர்த்துவிட்டாலோ, பாதையைக் குறிநீக்கிச் சீர்செய்து, மீண்டும் குறியேற்றி அனுப்பும். இது வகுத்துக் கூறல்.

இவ்வேறுபாடு தமிழுக்கு ஏன் பெரிது? 'தமிழ்' என்னும் சொல் நமக்கு 3 எழுத்து. கணினிக்கு அது 5 குறியீடு; யூடிஎப்-8 முறையில் 15 பைட்டு; முகவரியில் சதவீதக் குறியிட்டு எழுதுகையில் 45 வரியுரு. இச்சங்கிலியை மற்றொரு விதி இரண்டாம் முறை குறியேற்றினால், ஒவ்வொரு சதவீதக் குறியின் பின்னும் 25 என்னும் எண் புகுந்துவிடும். 'ஆசிரியர்/மாணவர்' என்னும் தலைப்பில் குறியேற்றி அனுப்பிய சாய்கோடு, குறிநீக்கத்தால் பாதையைப் பிரிக்கும் கோடாகிவிடும். பக்கம் இருந்தும் 404 என்னும் விடையே வரும். ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் குறியேற்றமின்றிச் செல்வதால் இப்பிழை அங்கே எளிதில் வெளிப்படாது.

தூதர் தம்மை அனுப்பியவர் இன்னார் என்பதையும் உரைத்தல் வேண்டும். எஞ்சின்எக்ஸ், வேறு கட்டளை இல்லாதபோது, 'ஹோஸ்ட்' என்னும் தலைக்குறிப்பில் பின்னுள்ள வழங்கியின் பெயரையே இடும். பயனர் நாடிய தளத்தின் பெயரையும் அவருடைய இணைய முகவரியையும் சேர்த்தனுப்ப நாமே பணித்தல் வேண்டும்.

பக்கம் திறவாதபோது, தமிழில் பெயரிட்டதே குற்றம் எனக் கருதி உரோமன் எழுத்துக்கு மாறிவிடுதல் எளிது. அவ்வாறு மாறிய ஒவ்வொரு முறையும், வழியில் நேர்ந்த திரிபுக்காக மொழி தன் இடத்தை இழக்கிறது. ஆதலின், ஆசிரியர்களே, பள்ளித் தளம் அமைந்தவுடன் தமிழ்த் தலைப்புடைய பக்கமொன்றைத் திறந்து சோதியுங்கள். மாணவர்களே, பயனர் அனுப்பிய பாதையையும் செயலி வழங்கியின் பதிவேட்டில் காணும் பாதையையும் ஒப்பிட்டு, பெயர் எவ்விடத்தில் திரிந்தது எனக் கண்டறியுங்கள். மூலபாட ஆய்வில் ஏடுகளை ஒப்புநோக்கும் முறையும் இதுவே.