மேற்கோளும் ஒலிச்சுருளும்



உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அவரைப் பெரிதும் உழைக்கச் செய்தவற்றுள் நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்களும் அடங்கும். உரையாசிரியர் பழம்பாட்டின் அடியொன்றை எடுத்தாள்வார். பிறர் கூறியது என்ற அளவில் நின்றுவிடுவார். பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்லமாட்டார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அதுவே போதியதாயிருந்திருக்கும். பல நூற்றாண்டு கழித்து ஏடு பிரித்த ஐயருக்கோ, அந்த அடிகளின் மூலத்தைச் சுவடிகளில் தேட வேண்டியதாயிற்று. பின்னர் அவர் தம் பதிப்புகளில் மேற்கோள் நூல்களை அட்டவணைப்படுத்தித் தந்தார். இவ்வட்டவணைகளின் அருமையை அகரவரிசைக்குப் பழகிவிட்ட நாம் எளிதில் உணர்வதில்லை.

மேற்கோள் ஒரு நூலை அழிவினின்றும் காக்கவும் வல்லது. குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்டும் தொகுத்தும் வைத்த பாடல்களே இன்று நம் கையில் உள்ளன. இத்தகைய எச்சங்களைத் திரட்டியே மயிலை சீனி.வேங்கடசாமி 1959இல் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலை வெளியிட்டார்.

மேலைநாட்டில் இவ்வேலை சட்டத்துறையில் முறைப்படுத்தப்பட்டது. ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகளுள் எவை எடுத்துக்காட்டின என்று பட்டியலிடும் ஷெப்பர்ட் சுட்டி அமெரிக்காவில் 1873இல் தோன்றியது. அதனைக் கண்ட யூஜின் கார்ஃபீல்டு, அறிவியல் கட்டுரைகளுக்கும் அவ்வாறு ஒரு சுட்டி வேண்டும் என்று 1955இல் எழுதினார். 1961ஆம் ஆண்டுக்கென அவர் தொகுத்த அறிவியல் மேற்கோள் சுட்டி 613 இதழ்களை உள்ளடக்கியது. ஒரு கருத்து எங்கே பிறந்து எவ்வழியே நடந்தது என்று தடம் காண்பதே அவருடைய முதல் நோக்கம். ஆளை அளக்கும் கோலாக அது பின்னர் மாறியது. இன்று விரிவுரையாளரின் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் அந்த எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். உலகச் சுட்டிகளில் இடம்பெற்ற தமிழ் இதழ்களோ மிகச் சில.

இந்நகரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் அங்கு இந்திய ஆய்வியல் துறைத் தலைவராயிருந்த தனிநாயகம் அடிகளார். தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றையும் அவ்வாண்டே அவர் வெளியிட்டார். அவருடைய பெயரோ ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாகவும், இரண்டாகப் பிரித்தும், சேவியர் என்பது முன்னே நின்றும் பலவாறு அச்சாகியிருக்கிறது. எண்ணும் பொறிக்கு எழுத்துத்தான் தெரியும், ஆள் தெரியாது. ஒருவர் பலராகிப் போகிறார். அவர் பெற்ற மேற்கோள்களும் சிதறிவிடுகின்றன.

அச்சேறிய எழுத்தே இவ்வாறு சிதறுமானால், சுருளில் கிடக்கும் குரலின் கதி பெரிது.

காந்த நாடா முதிர்ந்த கண்டுபிடிப்பன்று. ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் என்பார் 1928இல் தாள்நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசி ஒலியைப் பதிந்தார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் நாடாப் பதிவுக் கருவி மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது வானொலி நிலையங்களுக்குப் பரவிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் இரு சிறு சுருள்களை ஒரு கைப்பெட்டிக்குள் அடக்கிக் கேசட்டாகத் தந்தது. அதன் பின்னர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளிலும் திருமணம், திருவிழா, பாட்டியின் தாலாட்டு எல்லாம் பதிவாகத் தொடங்கின. நாடா விலையுயர்ந்த பொருளாகையால், பழைய பதிவை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவதும் உலகின் பல நிலையங்களில் வழக்கமாயிருந்தது.

தப்பிப் பிழைத்த நாடாவுக்கு நம் காற்றிலுள்ள ஈரமே பகை. துகளை நாடாவோடு பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டும்போது துகள் உதிரும். உதிர்ந்த துகளோடு குரலும் போகும். நாடாவை ஓட்டும் பொறிகளும் உதிரிப் பாகங்களும் அருகிவருகின்றன என்று யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மின்னிலக்கமாக்க எவராலும் இயலாது. எதனை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்வோர் கேட்பவற்றுள், “இதனை ஆய்வில் யார் பயன்படுத்தினர்?” என்பதும் ஒன்று. நம் ஆய்வேடுகளோ பதிவைக் கேட்டுக் கருத்தை எடுத்துக்கொண்டு, ‘வானொலி நாடகம்’ என்றோ ‘வாய்மொழித் தகவல்’ என்றோ எழுதி அமைகின்றன. நச்சினார்க்கினியருக்கு நினைவாற்றல் மிக்க மாணாக்கர் இருந்தனர். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

இங்கே ஒரு சிறு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மாணவர் சிலர் சுருளின் இடத்தைக் குறிக்கப் பொறியிலுள்ள மூன்றிலக்க எண்ணியைப் பார்த்து ‘214’ என்று எழுதுவர். அவ்வெண் நொடியுமன்று, நாடாவின் நீளமுமன்று. பொதுவாகச் சுருள் சுற்றிய சுற்றுகளின் கணக்கே அது. சுருள் பருத்திருக்கும்போது ஒரு சுற்றில் மிகுதியான நாடா ஓடும். மெலிந்திருக்கும்போது குறைவாக ஓடும். பொறிக்குப் பொறி பற்சக்கர அளவும் மாறும். ஆகவே அந்த 214 வேறொரு பொறியில் வேறோர் இடத்தில் நிற்கும். 1,200 அடி நாடா நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 32 நிமிடம் வரும். பாதி வேகத்தில் அதுவே 64 நிமிடம். எனவே வேகத்தையும், தொடக்கத்திலிருந்து கடந்த நிமிட நொடியையும் குறித்தாலன்றிப் பின்வருவோர் அந்த இடத்தை எளிதில் அடையமுடியாது.

எண்ணிக்கையை நாம் போற்றுவதாக எவரும் கருதவேண்டா. தோட்டப்புறத்துத் தாயொருத்தியின் ஒப்பாரிக்கு மேற்கோள் எண்ணால் மதிப்புக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் ஒரு பதிவைச் சுட்டவே இயலாதபடி விட்டுவிட்டு, உலகச் சுட்டிகள் நம்மைப் புறக்கணித்தன என்று குறைகூறுவது முறையன்று.

கிள்ளானில் ஒரு மாணவிக்குத் தாத்தா வீட்டு அலமாரியில் சுருள் ஒன்று கிடைக்கிறது என்று கொள்வோம். அவள் அதனை உடனே ஓட்டிப் பார்த்தல் கூடாது. பிசுபிசுப்பு இருந்தால் அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். பழக்கமுள்ளவரிடம் காட்டும்வரை, உறையின் இருபுறத்தையும் படமெடுத்து, சுருளுக்கு ஓர் எண் இட்டு, யாரிடம் இருக்கிறது என்பதை எழுதிவைக்கலாம். உறைமேல் ‘அப்பா பாடியது’ என்று மட்டும் இருக்கக்கூடும். எந்த அப்பா, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்பவற்றை, அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு அதன் கீழ்க் குறித்துக்கொள்ள வேண்டும்.