மடிக்கணினியின் நினைவகக் குறையும் அதன் பரிகாரமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கலாசாலையிற் பயிலும் பிள்ளையின் மடிக்கணினி மந்தமாகிவிட்டதென்றும், மெமரி போதவில்லையென்று திரையில் அறிவிப்பு வருகிறதென்றும், ஆதலாற் புதிது வாங்க நகையை அடகு வைக்க நேர்ந்ததென்றும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றிற் சொல்லக் கேட்கிறோம். அடகுக் கடையின் படியேறுமுன் அறியத்தக்க சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மெமரி என்னும் ஒரே சொல்லால் இருவேறு பொருள்களைக் குறிப்பதே மயக்கத்திற்கு முதற் காரணம். பாடங்களும் படங்களும் நிலையாகத் தங்குமிடம் சேமிப்பகம். ஹார்ட் டிஸ்க் என்றும் எஸ்.எஸ்.டி. என்றும் சொல்லப்படுவது அது. வேலை நடக்கும்போது மட்டும் தகவல்களைத் தாங்கி, மின்சாரம் நின்றதும் வெறுமையாவது ரேம் என்னும் நினைவகம். முன்னது பத்தாயம், பின்னது அடுப்பிலேற்றும் பானை. பானை சிறிதென்று பத்தாயத்து நெல்லை வாசலிற் கொட்டுவார் உண்டோ? ஆயினும், ரேம் குறைந்து தவிக்கும் கணினியினின்றும் கலியாணப் படங்களையெல்லாம் அழித்துவிட்டு, மந்தமும் தீராமல் வருந்தினாரை யாம் அறிவோம்.

ரேம் நிரம்பினால் கணினி உடனே நின்றுவிடுவதில்லை. அப்போதைக்கு வேண்டாதவற்றைச் சேமிப்பகத்தின் ஒரு மூலையில் ஒதுக்கி, வேண்டும்போது மீட்டுக்கொள்ளும். இவ்வுபாயம் புதிதன்று, இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினியிலேயே இஃது அமைந்திருந்தது. ஆனால் சேமிப்பகம் ரேமைவிட மிகத் தாமதமானது. சுழலும் தட்டுடைய பழைய ஹார்ட் டிஸ்க் ஆயின் கேட்கவே வேண்டுவதில்லை. எடுப்பதும் வைப்பதுமே வேலையாகி, உரிய வேலை நடவாதொழிகின்றது.

ஆகவே நோயை முதலில் அறிதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் மெமரி என்னும் தலைப்பைத் தொட்டால் மிகுதியாக உண்பது எதுவென்று வரிசையாய்த் தெரியும். பல வீடுகளில் முதலிடம் உலாவிக்கே. முப்பது பக்கங்களைத் திறந்தபடியே வைத்திருக்கும் வழக்கம் இளைஞரிடம் பெருகிவிட்டது. அவர்கள் கோபித்துக்கொள்ளினும் இதனைச் சொல்லாதிருக்க இயலவில்லை. குரோம் உலாவியின் அமைப்புகளில் மெமரி சேவர் என்பதை இயக்கினால், பாராத பக்கங்கள் ரேமை விட்டு நீங்கும். கணினியைத் திறந்தவுடன் தாமே எழுந்துகொள்ளும் செயலிகளையும் டாஸ்க் மேனேஜரிலேயே நிறுத்தலாம். ரேமை நொடியிற் பெருக்குவோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பவேண்டா; அவையும் அதே பானையில் உண்பவையே.

இவ்வளவு செய்தும் போதாதாயின் ரேமைக் கூட்டுதலே வழி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. வேண்டுமென்பது அதனை ஆக்கியோர் விதி. அது உயிர் தரிக்கவே போதும், மாணவர்க்கு 8 ஜி.பி. இருத்தல் நலம். டாஸ்க் மேனேஜரின் பெர்பாமன்ஸ் பகுதியில், இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்றே நிரம்பியுள்ளதென்று காட்டினால் மற்றொன்றில் சேர்க்கலாம். டி.டி.ஆர். 4 இருக்குமிடத்தில் டி.டி.ஆர். 3 பொருந்தாது. 32-பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 4 ஜி.பி.க்கு மேற் சேர்ப்பது வீண் செலவு. ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மாதிரிகளும் உள. 2020 முதல் ஆப்பிள் கம்பெனியார் தம் சொந்தச் சில்லுகளோடு வெளியிடும் மடிக்கணினிகள் அத்தகையன. அவற்றில் வாங்கும்போதே வேண்டிய அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை வெகுவாய் ஏறிற்று. ஆதலின் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தே வாங்குக.

பழுதென்று பரணில் ஏற்றிய மடிக்கணினி உங்கள் இல்லத்தில் இருப்பின், அடுத்த மாதக் கூட்டத்திற்கு அதன் சார்ஜருடன் கொண்டுவாருங்கள். எந்தப் பானை சிறிதென்று கூடியிருந்து பார்ப்போம்.