பல்லைப் பார்த்தியா?
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆனால் நான் கற்ற பெரிய பாடம் ஒரு பழைய கிடார் வாங்கிக் கற்றது. அதையே சொல்லிவிடுகிறேன்.

நம்ம விடுதியில் ஒரு கிடார் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வயலினில் இருப்பது போல இரண்டு 'எஃப்' துளை, அடியில் தந்தி மாட்ட ஒரு தகரப் பட்டை, பெட்டி முழுக்க பிளைவுட். கொல்கத்தா தயாரிப்பு. அதை 'பெட்டிக்கடை' என்று கேலி செய்தோம். அதற்குப் பெரிய வம்சாவளி உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

1922-ல் அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி எல்-5 என்ற கிடாரைக் கொண்டுவந்தது. மேல்பலகையை வயலின் போல வளைவாகச் செதுக்கி, எஃப் துளை போட்டார்கள். இதுதான் ஆர்ச்டாப். பெரிய பேண்ட் வாத்தியங்களுக்கு நடுவே கிடார் காதில் விழ வேண்டுமே, அதற்காக. 1936-ல் இ.எஸ்-150 என்ற மின்சாரக் கிடார் வந்தது. அதை வைத்துக்கொண்டு 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், ஜாஸ் கிடாரின் போக்கையே மாற்றிவிட்டு, 1942-ல் 25 வயதில் மறைந்தார்.

உள்ளே காலியான பெட்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. ஸ்பீக்கர் சத்தம் பெட்டியை அதிர வைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கே போய் ஊளையிடும். சற்று முன் இந்த மைக் செய்த வேலைதான்! இதைக் குறைக்க இரண்டு வழி கண்டார்கள். 1949-ல் வந்த இ.எஸ்-175-க்கு மேல்பலகையே ஒட்டுப்பலகை, அதாவது நாம் கேலி செய்த பிளைவுட் ஜாதி. 1958-ல் வந்த இ.எஸ்-335-ல் பெட்டியை மெல்லிசாக்கி, நடுவில் ஒரு மேப்பிள் கட்டையை வைத்துவிட்டார்கள். இதுதான் செமி ஹாலோ.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், பெங்களூரில் ஒருவரிடம் அப்படி ஒரு பழைய கிடார் விலைக்கு வந்தது. 335 ஜாடை. "அம்பது வருஷப் பழசு சார், இன்னொண்ணு கிடைக்காது" என்றார். எழுபதாயிரம். என்னிடம் இருந்ததில் நாற்பதாயிரம், போர் மோட்டார் மாற்ற ஊருக்கு அனுப்புவதாக அப்பாவிடம் சொல்லியிருந்த பணம். அடுத்த மாசம் அனுப்பிக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து புதுத் தந்தி போட்டேன். இரண்டாம் நாள் இரவு 'டப்' என்று சத்தம். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் உடைந்து தொங்கியது. ஏற்கெனவே உடைந்ததை ஒட்டி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதே சித்திரையில் ஊரில் மோட்டார் எரிந்தது. அரை ஏக்கர் தக்காளி காய்ந்துபோனது.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் காரிமங்கலம் சந்தையில் மாடு பிடிக்கிற மனுஷர். திட்டவில்லை. உடைந்த கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பல்லைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் இன்ஜினியர். கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். பன்னிரண்டாம் நம்பர் தந்தி செட், கழுத்தை 60 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்தச் சுமை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் பெயரையும் பளபளப்பையும் பார்த்தேன்.

அதனால், பழைய கிடார் வாங்குகிறவர்களுக்கு அப்பா பாணியில் சொல்கிறேன். தலையின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடோ, பெயின்ட் நிறம் மாறியதோ தெரிந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள். கழுத்தை நுனியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள், முறுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டாம் கட்டையில் தந்தியை அமுக்கினால் வரும் சுரமும், தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்கணும். பெட்டியை விரலால் தட்டினால் உள்ளே ஏதும் கடகடக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்களுக்கு இன்னொன்று: பழைய கிடார்களில் பிரேசில் ஈட்டி மரம் இருக்கலாம். 1992 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள்.

என் கிடார் என்ன ஆச்சு? பழைய பசையைச் சுரண்டி எடுத்து முறையாக ஒட்டித் தந்தார் ஒரு ரிப்பேர்காரர். இன்றுவரை அசையவில்லை. விற்றால் விலை வராது. ஆனால் வாசிக்க ஒரு குறையும் இல்லை. மோட்டாருக்கு மூன்று மாசத் தவணையில் பணம் அனுப்பினேன். தக்காளிக்குத்தான் பதில் இல்லை.

பெங்களூரில் பிறந்த கார்ல்டன் கிட்டோ என்ற ஜாஸ் கிடார் கலைஞரைப் பற்றி அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றவர். கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் வாசித்து, ஜாஸுக்கு அங்கே கூட்டம் குறைந்த பிறகும் விடாமல், 2016-ல் மறையும் வரை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவரைப் படித்த பிறகு கிடார் விலைப் பட்டியல் பார்ப்பதை விட்டுவிட்டு, தினம் ஒரு மணி நேரம் வாசிக்க ஆரம்பித்தேன்.

தம்பி தங்கைகளே, முதல் சம்பளம் வந்ததும் உங்களுக்கும் ஏதோ ஒரு ஆசை வரும். தாராளமாக வாங்குங்கள். வீட்டுக்குச் சொன்ன பணத்தை முதலில் அனுப்பிவிட்டு வாங்குங்கள். பல்லைப் பார்த்து வாங்குங்கள். விடுதியில் அந்த எஃப் துளைக் கிடார் இன்னும் இருந்தால், தயவுசெய்து யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, தந்தி போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.