அம்மாவோட கிட்னியும் தூண்டில் மீனும்

ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க கம்பெனி பஸ் ஒரகடத்துலேர்ந்து கிளம்பி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிட்டிருக்கும். அப்போ என் போன்ல அலாரம் அடிக்கும். உடனே அப்பாவுக்கு போன். "மாத்திரை போட்டாச்சாப்பா?" டாக்ரோலிமஸ். காலைல ஒன்பது, ராத்திரி ஒன்பது. மூணு வருஷமா இதான். அம்மா கொடுத்த கிட்னியை அப்பா உடம்பு எதிரின்னு நினைச்சுத் தாக்கிடக் கூடாது. அதுக்காக அவரோட நோய் எதிர்ப்பு சக்தியையே அடக்கி வைக்கிற மாத்திரை. விலையும் உண்டு: போன வருஷம் சாதாரண சளிக்கு ஆறு நாள் ஆஸ்பத்திரி.

அதே பஸ்லதான் இந்த மீனைப் பத்திப் படிச்சேன். ஆங்லர்ஃபிஷ், தமிழ்ல தூண்டில் மீன். ஆழ்கடல்ல, தலைக்கு முன்னாடி பல்பு தொங்கவிட்டுக்கிட்டு இரை பிடிக்கும். அந்த வெளிச்சம் உள்ள குடியிருக்கிற பாக்டீரியாவோடது. பல்பு பெண்ணுக்கு மட்டும்தான்.

செராட்டியாஸ் ஹோல்போலின்னு ஒரு இனம். பெண் ஒரு மீட்டருக்கு மேல வளரும். தனியாத் திரியுற ஆண் ஒண்ணரை சென்டிமீட்டர்கூட இருக்காது. பெண்ணைக் கண்டுபிடிச்சா கடிச்சுப் பிடிச்சுக்கும். அப்புறம் விடவே விடாது. தோல் ஒட்டிடும், ரத்தக் குழாய்கள் இணைஞ்சிடும், சாப்பாடு அவ ரத்தத்துலேர்ந்துதான். 1922ல ஐஸ்லாந்து விஞ்ஞானி சேமுண்ட்சன் இதைப் பார்த்துட்டு குட்டிகள்னு நினைச்சாரு. அது ஆண்னு 1925ல சொன்னவர் லண்டன்ல இருந்த ரீகன்.

என் கேள்வி வேற. மாத்திரையே இல்லாம அவ உடம்பு எப்படி அவனை ஏத்துக்குது?

2020ல சயின்ஸ் இதழ்ல பதில் வந்துச்சு. தூண்டில் மீன் இனங்களோட மரபணுக்களைப் படிச்சிருக்காங்க. ஆண் தற்காலிகமா ஒட்டுற இனங்கள்லயே, ஆன்டிபாடியைக் கூர்மையாக்குற ஒரு ஜீன் வேலை செய்யல. நிரந்தரமா ஒட்டுற சில இனங்கள்ல ராக் ஜீன்களும் போச்சு. அது இல்லாம ஆன்டிபாடியும் கிடையாது, டி செல்லும் கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, ஃபயர்வாலை ஆஃப் பண்ணல, கோடையே டெலீட் பண்ணிடுச்சு! நமக்கு அப்படி ஆனா பிறந்த கொஞ்ச நாள்லயே உயிருக்கு ஆபத்து. அது மட்டும் கடலுக்கடியில ஜாலியா இருக்கு. மிச்சமிருக்கிற அடிப்படைத் தற்காப்பை வச்சே சமாளிக்குதுன்னு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க.

வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன். "ஆயுசு முழுக்க அவ ரத்தத்துலதாம்மா அவன் பொழைக்கிறான்."

பீன்ஸ் நறுக்கிட்டே அப்பாவைப் பார்த்தாங்க. "இங்க மட்டும் என்னவாம்?"