பெஞ்சில் இடம் கிடைத்தால் போதுமா?

(விழிஞ்ஞத்தில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில், கோவளத்து ஓட்டலில் அறை துப்புரவு செய்யும் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, அங்க வர்ற அமெரிக்காக்காரன் பிள்ளை படபடன்னு பேசுது. நம்ம பிள்ளை மூணாங் கிளாசுல வாயே தெறக்க மாட்டேங்குது. அமெரிக்காவுல அப்படி என்ன பள்ளிக்கூடம்? அங்க கூலிக்காரன் பிள்ளையும் படிக்குமா?"

அந்தத் தாய்க்குப் பதில் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

அமெரிக்காவில் பிள்ளை ஐந்து வயதில் கிண்டர்கார்ட்டனில் சேருகிறது. பெரும்பாலான ஊர்களில் ஐந்தாம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளி. அநேகமாக எல்லாப் பாடங்களையும் ஒரே வகுப்பாசிரியர் நடத்துகிறார். பல இடங்களில் மஞ்சள் பஸ் வந்து ஏற்றிப் போகிறது. அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. பள்ளி மதிய உணவுக்கு 1946லேயே சட்டம் செய்தார்கள்.

ஆனால் அது சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்த ஊர் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆகவே பணக்காரர் ஊரில் ஒரு மாதிரிப் பள்ளி, ஏழைகள் ஊரில் வேறு மாதிரிப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைப்பது சட்ட விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1954இல்தான்.

கூலிக்காரர் பிள்ளைகள்? அங்கும் நம்மைப் போல் ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. பழம் பறிக்கும் பருவத்துக்குத் தக்கபடி மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பங்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று 1966இல் மத்திய அரசு தனி நிதித் திட்டம் கொண்டுவந்தது.

இன்னொரு சேதியை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர்தானே, இதில் பாரபட்சம் எங்கே என்றது நிர்வாகம். 1974இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாடம் நடக்கும் மொழியே புரியாத பிள்ளைக்கு ஒரே புத்தகம் கொடுப்பது சமத்துவமாகாது என்று தீர்ப்புச் சொன்னது.

தோழர்களே, மூணாங் கிளாசில் வாய் திறக்காத அந்தப் பிள்ளைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லையா? அவள் மந்தமானவள் அல்லள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நடுவில் கைகொடுக்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

என் கதையையும் சொல்கிறேன். 1979இல் எனக்கு ஏழு வயது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். இந்தப் பக்கம் வேலைக்கு வந்தபோது, டி.சி. இல்லை என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருஷம் மணல் குவியல்மேல் உட்கார்ந்து தங்கையைப் பார்த்துக்கொண்டேன். மறுவருஷம் ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டிலிருந்து நான் படித்தேன். தங்கை பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. இன்றும் எந்த பஸ் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுகிறாள்.

அன்று எங்களுக்கு இல்லாத சட்டம் இன்று உங்களுக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அது சொல்வதைக் கேளுங்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கல்வி. டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். இடம் பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதை உறுதி செய்வது உள்ளாட்சியின் கடமை. விழிஞ்ஞம் திருவனந்தபுரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

மொழிக்கும் வழி உண்டு. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956இல் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது அது. முயல வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. கேட்பவன் இல்லாத இடத்தில் யார் முயல்வார்கள்?

மலையாளம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோறு போடும் ஊரின் மொழி, நம் பிள்ளைகள் நன்றாகவே படிக்கட்டும். அதைப் பிடித்துக்கொள்ளும் வரை தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தமிழ் எழுத்தும் கைவிட்டுப் போகக் கூடாது என்கிறோம்.

ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் தெருவாரியாகப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் பெயர், வயது, முன்பு படித்த வகுப்பு எல்லாம் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் சங்கத் தோழர் ஒருவர் கூடவே வருவார். வேலைக்குப் போகிறோம், தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று மூத்த பெண்ணை மட்டும் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். என் தங்கைக்கு நேர்ந்தது உங்கள் மகளுக்கு வேண்டாம்.