திறப்பும் பொறுப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினி பயிலும் நம் இளைஞர் சிலர் வயர்ஷார்க் என்னும் கருவியைப் பழக விரும்புகின்றனர். “பிறர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் வித்தையோ?” எனப் பெரியோர் சிலர் ஐயுறுகின்றனர். இரு சாராருக்கும் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

வலையமைப்பிற் செல்லும் செய்திகள் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கின்றன. அவற்றைப் பிடித்துக் காட்டுவதே இக்கருவியின் தொழில். இணைப்பு எங்கே தடைப்படுகின்றது என்பதை இதனால் நேரே கண்டறியலாம். 1998 இல் எதீரியல் என்ற பெயரில் வெளிவந்த இது, 2006 இல் இன்றைய பெயரைப் பெற்றது.

லினக்ஸில் சாதாரண பயனர் பொதி பிடித்தல் இயலாது. ஆகவே அவசரக்காரர் ரூட் என்னும் தலைமைப் பயனராகவே நுழைந்து கருவி முழுவதையும் இயக்கிவிடுகின்றனர். இது ஆபத்தான பழக்கம். எண்ணற்ற வகைப் பொதிகளை வாசிக்கும் பெரிய நிரல் அது. வாசிக்கும் பகுதிகளில் வழுக்கள் காலத்துக்குக் காலம் கண்டுபிடிக்கப்பட்டே வருகின்றன. வஞ்சகன் ஒருவன் அமைத்தனுப்பிய பொதி அத்தகைய வழுவைத் தொடுமாயின், கணினி முழுவதும் அவன் வசமாகிவிடலாம்.

கோயிலில் அமுது சமைப்பவரிடம் மடைப்பள்ளித் திறப்பைக் கொடுக்கின்றோம். திருவாபரணப் பெட்டியின் திறப்பைக் கொடுப்பதில்லை. அவர் தொழிலுக்கு அது வேண்டியதில்லை. அவர் திறப்புத் தொலைந்தாலும் ஆபரணங்கள் பத்திரமாயிருக்கும்.

லினக்ஸும் 1999 இல் வந்த 2.2 பதிப்பு முதல் ரூட்டின் அதிகாரத்தைப் பகுத்து வைத்திருக்கின்றது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில், ரூட் அல்லாதோரும் பொதி பிடிக்கலாமா என்ற வினாவுக்கு ‘ஆம்’ என விடையளித்தால், டம்ப்காப் என்னும் சிறு நிரலுக்கு மாத்திரம் அவ்வதிகாரம் கிடைக்கும். வயர்ஷார்க் குழுவிற் சேர்க்கப்பட்டோரே அதனை இயக்கலாம். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும். பொதிகளை வாசிக்கும் பெரிய நிரலோ சாதாரண பயனரின் உரிமையோடே ஓடும்.

பெரியோர்களே, இன்று பெரும்பாலான இணையப் பக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டே செல்வதால் உள்ளடக்கம் எளிதிற் புலப்படாது. ஆயினும் எக்கணினி, எவ்வேளை, எங்கே தொடர்பு கொண்டது என்பது புலப்படும். அதுவும் பிறர் அந்தரங்கமே. உரிய அதிகாரமின்றித் தரவை இடைமறித்தல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமுமாகும். ஆதலால், இளைஞர்களே, உங்கள் சொந்த வலையமைப்பில், அல்லது உரியவரின் அனுமதி பெற்ற இடத்தில் மாத்திரமே இதைப் பழகுங்கள்.

மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இதுவே: இக்கல்வியைத் தடுக்க வேண்டாம். ரூட் கடவுச்சொல் பொறுப்பாசிரியர் ஒருவரிடம் இருக்கட்டும். பயில்வோரின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, குழுவிற் சேர்த்து, வகுப்பு முடிந்ததும் நீக்கிவிடுங்கள். வேண்டிய அளவு அதிகாரத்தை வேண்டிய காலத்துக்கு மாத்திரம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கப் பழகிய இளைஞனிடம், நாளை ஊரார் எந்தத் திறப்பையும் நம்பிக் கொடுக்கலாம்.