மக்கள் நல்வாழ்வுப் பட்டமேற்படிப்பும் நமது ஜமாஅத்தும்

(மேலகரத்தில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்தனர். கல்வியின் சிறப்பை ஜும்ஆ மேடையில் பலமுறை பேசிவிட்டோம். நீங்களும் பொறுமையுடன் கேட்டுவிட்டீர்கள். ஆகவே இன்று ஒரேயொரு படிப்பைப் பற்றி மட்டும் பேச விழைகிறோம். நமது கல்வி உதவிக் குழுவின் கோப்பில் நிலுவையில் இருக்கும் ஒரு விண்ணப்பமே அதற்குக் காரணம்.

நம் முஹல்லாவைச் சார்ந்த ஒரு மகள், நர்சிங் பட்டம் பெற்று மருத்துவமனையில் இரண்டாண்டுகள் பணியாற்றியவர், எம்.பி.எச். எனும் மக்கள் நல்வாழ்வுப் பட்டமேற்படிப்புக்கு உதவி கோரியிருந்தார். குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "இதைப் படித்தால் டாக்டர் ஆகிவிடுவாளா?" இல்லை என்றார்கள். "அப்படியானால் ஊசி போடுவாளா?" அதை அவர் இப்போதே போடுகிறார் என்றார்கள். "பின்னே எதற்கு?" என்று கேட்டுவிட்டு அவர் நம்மை நோக்கினார். மதரஸாவில் ஓதி வந்த நமக்கு நஹ்வும் ஃபிக்ஹும் தெரியும். இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம், அதுவரை இருக்கட்டும்" என்று கூறினோம். அந்த "இருக்கட்டும்" என்ற சொல்லில் ஓராண்டுச் சேர்க்கை கடந்து போயிற்று. பழி குழுவினுடையதன்று, நம்முடையது. ஆகவேதான் விசாரித்ததை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நம் வீட்டுச் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் நம் மதரஸா வளாகத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒலிபெருக்கியில் மூன்று நாட்கள் அறிவித்தோம். பந்தல் போட்டோம், தேநீர் வைத்தோம். வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் அறுவைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டோர் பலர் பேருந்தில் ஏறவில்லை. அடுத்த ஜும்ஆவில் நாம் மிம்பரில் நின்று, "இலவசமாகக் கொடுத்தாலும் நம் மக்களுக்கு அக்கறையில்லை" என்று கடிந்து பேசினோம். பலர் தலையசைத்தார்கள்.

இந்த மகள் தலையசைக்கவில்லை. பணியிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர், வராதவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று கேட்டார். ஒரு மூதாட்டிக்குத் துணைக்கு வர ஆண்பிள்ளை இல்லை. மகன் வளைகுடாவில் இருக்கிறார். மற்றொருவர் பீடி சுற்றுபவர். அன்றைய பீடியைக் கடையில் கொடுக்கத் தவறினால் கூலி போவதோடு, மறுநாள் இலையும் தூளும் கிடைப்பது சிரமம். இன்னொருவர் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு நாள் தங்க இயலாதவர். கண்ணில் கத்தி வைத்தால் உள்ளதும் போய்விடும் என்று அஞ்சியவர் ஒருவர். அக்கறையின்மை என்று நாம் மிம்பரில் சொன்ன காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. "ஹஜ்ரத், வந்தவங்களை எண்ணினா முகாம் கணக்கு வரும், வராதவங்களை எண்ணினாத்தான் ஊர்க் கணக்கு வரும்" என்று அவர் சொன்னார். அவர் படிக்க விரும்பும் படிப்பின் சாரம் அதுவே என்பது நமக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர்கள் நம் தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறார்கள். எட்டயபுரத்திற்கு அருகில் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் கை விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களைக் கொண்டே அறுவை செய்யப் பழகியவர். அங்கே நடந்தது மருத்துவம் மட்டுமன்று. அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் அறுவை செய்யும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவர். மருத்துவர் திரும்பிக்கொள்வார், காத்திருப்பதில்லை. பணம் கொடுக்கக் கூடியவர் கொடுப்பதைக் கொண்டு கொடுக்க இயலாதவருக்கும் சிகிச்சை நடக்கும். இதற்குத்தான் மேலாண்மை என்று பெயர். மேலாண்மை என்றால் குளிரூட்டிய அறையில் அமர்ந்து கையெழுத்திடுவது என்றே நாம் நினைத்திருந்தோம்.

ஆனால் மேசை எத்தனை விரைவாகச் சுழன்றாலும் ஆள் வரவேண்டுமே! முகாம்கள் நடந்த தமிழகக் கிராமங்களில் கண் குறை உள்ளவர்களைத் தேடிச் சென்று கேட்ட ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. குறை உள்ளவர்களுள் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று அது காட்டிற்று. சிகிச்சை இலவசம்; ஆயினும் போக்குவரத்து, இழக்கும் கூலி, துணையின்மை, அச்சம் ஆகியவை குறுக்கே நின்றன. நம் முஹல்லா மகள் நம் தெருவில் கண்டதும் இதைத்தான். இதைக் கண்டபின் அவர்கள் மக்களைக் கடிந்து பேசவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்து, அங்கிருந்தே தொலைவிலுள்ள மருத்துவரிடம் திரை வழியே காட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆய்வு குறையைக் காட்டியது, மேலாண்மை வழியைத் திறந்தது. மருத்துவமனையை நடத்தும் முறையைப் பிறருக்குக் கற்பிப்பதற்கென்றே 1992இல் லைக்கோ என்னும் நிறுவனத்தையும் மதுரையில் அமைத்தார்கள்.

எண்ணாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சொல்லவே நா கூசுகிறது. ஏர்வாடி; நம் நெல்லைச் சீமை ஏர்வாடியன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். துஆவை நம்பிச் சென்ற, வேறு போக்கிடம் அறியாத எளிய குடும்பத்தார். அத்தகைய காப்பகங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் பராமரிக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், எந்த மருந்து பெறுகிறார்கள் என்று முறையாகக் கேட்டுக்கொண்டேயிருக்கும் பொறுப்பாளர் இல்லாமற் போனதுதான் குறை. தீ எரிந்தபின் உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அரசு அக்காப்பகங்களை மூடிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாதெனத் தெளிவாகத் தடுத்திருக்கிறது. நம் முஹல்லாவிலும் கதவு சாத்திய அறைகள் இல்லாமலில்லை. பெயர் சொல்ல மாட்டோம்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம்; ஒருவர் நம்மிடம் நேரில் கேட்டும்விட்டார். "வீடு வீடாகப் போய் நோயை எழுதினால் குடும்பத்து இரகசியம் வெளிவராதா? நாளை பெண் கேட்டு வருவோர் காதில் விழாதா?" நியாயமான கேள்வி. இப்படிப்பில் அதற்கென்றே தனிப் பாடம் உண்டு. ஆய்வுக்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும், ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும், மறுப்பவரை வற்புறுத்தலாகாது, பெயரை நீக்கியே கணக்கை வெளியிட வேண்டும். உண்மையைச் சொன்னால், பைத்துல்மால் உதவி பெற்றோர் பெயரைப் பலகையில் எழுதிப்போடும் நம் வழக்கத்தைக் காட்டிலும் இது பேணுதலானது.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. ஹிஜ்ரி 683இல், அதாவது 1284இல், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனைக்கு வக்ஃப் பத்திரம் எழுதப்பட்டது. ஏழை, செல்வர், ஆண், பெண் என எல்லாரும் அதில் இடம்பெற்றனர். மருத்துவர்களுக்கு மேலாக வரவு செலவையும் பராமரிப்பையும் கவனிக்க நாழிர் எனப்படும் பொறுப்பாளர் இருந்தார். நாம் முத்தவல்லி என்கிறோமே, அத்தகையவர்தான்.

இனி, எங்கே படிப்பது? தூரமில்லை. இதயத்திற்கும் மூளைக்கும் நம் ஊரார் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் செல்கிறார்களல்லவா, அதே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில்தான் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. கேரளத்தின் முன்னாள் முதல்வர் பெயரைத் தாங்கிய அம்மையம் 1997 முதல் எம்.பி.எச். நடத்தி வருகிறது. வாசலில் டோக்கனுக்கு நின்ற நமக்கு உள்ளே இப்படியொரு பாடசாலை இருப்பது தெரியாது. சென்னையில் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் உள்ளது. சமூகப்பணி வழியாக வர விரும்புவோருக்கு 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியும், 1936இல் தோன்றிய மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் உள்ளன. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் என்ற பதவியே நம் நாட்டில் 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில்தான் தொடங்கிற்று. சேர்க்கைத் தகுதி இடத்திற்கு இடம் வேறுபடும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

படித்தபின் வேலை உண்டா என்பீர்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீடு தேடி வருவதைக் காண்கிறீர்கள். மாத்திரையைக் கொண்டு வரும் சகோதரிக்குப் பின்னால், எந்தத் தெருவில் எத்தனை பேர், யாருக்கு மருந்து நின்றுபோயிற்று என்று கணக்கிட ஆள் வேண்டும். நம் தென்காசி 2019 நவம்பர் 22இல்தான் தனி மாவட்டமாயிற்று; இத்தகையோர்க்கு இங்கே வேலை நிறையவே கிடக்கிறது. எனினும் மருத்துவருக்கு நிகரான ஊதியம் கிடைக்கும் என்று உங்களிடம் ஆசை காட்ட மாட்டோம்.

வெளி உதவியும் சுருங்கி வருகிறது. சிறுபான்மையினரின் ஆராய்ச்சிப் படிப்புக்கு 2009 முதல் வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. இப்பட்டத்திற்கு மேலும் படிக்க நினைப்போர் முன்பு நம்பியிருந்த வாயில் அது.

நம் கல்வி உதவிப் படிவத்தில் மருத்துவம், பொறியியல், கலை அறிவியல், ஆலிம் என்று நான்கு கட்டங்கள் உள்ளன. எந்தக் கட்டத்திலும் சேராததால் அம்மகளின் படிவம் ஓரமாக வைக்கப்பட்டது. ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்பது நம் முதல் வேண்டுகோள். படித்து முடித்தவர் ஊரிலேயே இருக்க வேண்டுமென்று உறுதிமொழி எழுதி வாங்குவது இரண்டாவது யோசனையாகச் சிலரால் சொல்லப்பட்டது; நமக்கு அதில் உடன்பாடில்லை. பொறியியல் படித்துத் துபாய் சென்ற பிள்ளைகளிடம் நாம் அப்படி எழுதி வாங்கவில்லை. ஆனால் இப்படிப்பின் முடிவில் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் நம் தாய்மார்களின் இருமலையும் முதுகுவலியையும் அவர் தம் ஆய்வுப் பொருளாக எடுத்தால், வீட்டுக் கதவுகளை நாம் திறந்து வைக்கலாம். இதை நிபந்தனையாக அல்ல, கோரிக்கையாகவே அவரிடம் சொன்னோம். "அதைத்தானே ஹஜ்ரத், போன வருஷமே நினைச்சேன்" என்றார்.

நம் கருத்தை எழுத்தில் கோப்புடன் இணைத்துவிட்டோம். அவரது விண்ணப்பம் இவ்வாண்டும் புதுப்பிக்கப்பட்டுள்ளது. கல்விக் குழு கூடும் நாளன்று லுஹர் தொழுகைக்குப் பின் நாம் பள்ளியிலேயே இருப்போம். ஐயமுள்ளோர் வந்து கேட்கலாம். சென்ற ஆண்டு "பின்னே எதற்கு?" என்று கேட்ட பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வஸ்ஸலாம்.